கூண்டுக்குள் ஒரு பேறுகாலம்

தோப்பும்படியில் பஸ் ஏறிப் பள்ளுருத்தியைத் தாண்டித் தெற்கே வந்தால் இடக்கொச்சி. அதற்கப்பால் காயல். காயலின் அக்கரையில் அரூர். அங்கே இறாலும் மீனும் பதனிடும் தொழிற்சாலைகள். இடக்கொச்சியில் ஒரு வாடகை வீட்டில் தமிழ்க் குடும்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகப்பனாருக்கு மட்டாஞ்சேரியில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் குழந்தைக்கு வீட்டில் விளையாட்டுத் துணை இல்லை. நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கூண்டில் அடங்குகிற பிராணி என்றால் சரி என்றார். ஓணத்துக்கு முன்பு, எர்ணாகுளத்தில் ஒரு கடையில் கினிப்பன்றிக் குட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். பெட்டைக் குட்டி.

குட்டி வளர்ந்தது. குழந்தையின் காலடிச் சத்தம் கேட்டால் விசிலடிப்பது போல் கூவிக் கீரை கேட்டது. பத்து மாதம் போயிற்று. "பாவம், ஒண்டியாகக் கிடக்கிறதே" என்று இரக்கப்பட்டு, துணைக்கு ஓர் ஆணைக் கொண்டு வந்து அதே கூண்டில் விட்டார் தகப்பனார். அடுத்த இரண்டு மாதத்தில் பெட்டை குடம் போல் பெருத்தது. குட்டி போடப் போகிறது என்று குழந்தை தோழிகளிடமெல்லாம் சொல்லி வைத்தாள். ஒரு நாள் விடியற்காலையில் அது கூண்டின் மூலையில் மயிர் சிலிர்த்து உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. கீரையைத் தொடவில்லை. மத்தியானம் வரை முக்கியது. மாலையில் செத்துப் போயிற்று. குட்டி ஒன்றும் வெளியே வரவில்லை.

இந்தக் குடும்பம் கற்பனை. நடந்த சம்பவம் கற்பனை அல்ல. கினிப்பன்றி வளர்க்கும் ஊர்களில் எல்லாம் இது நடக்கிறது. கால்நடை வைத்திய நூல்களில் இதற்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தகப்பனார் இரக்கப்பட்டுச் செய்த காரியந்தான் அந்தப் பெட்டையின் உயிருக்கு உலை வைத்தது என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். ஆனால் உண்மை அதுதான்.

பன்றியும் அல்ல, கினியும் அல்ல

பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. இது பன்றி இனம் அல்ல. எலி, அணில், முள்ளம்பன்றி இவற்றைப் போலக் கொறிக்கும் சாதி. ஆப்பிரிக்காவில் உள்ள கினி தேசத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பழக்கி, அடுப்படியில் வளர்த்து, இறைச்சிக்காகப் பயன்படுத்தி வந்தார்கள். பெரு நாட்டில் இன்றும் அப்படித்தான். 16-ஆம் நூற்றாண்டில் கப்பல்காரர்களோடு ஐரோப்பாவுக்கு வந்து, அங்கே சீமான் வீட்டுக் குழந்தைகளின் விளையாட்டுப் பிராணியாயிற்று. தமிழில் சிலர் சீமை எலி என்பதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கேரளத்துச் சாலையோரங்களில் மண்டிக் கிடக்கும் கினிப்புல் இருக்கிறதே, அது மெய்யாகவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்தப் பிராணிக்கு அது நல்ல தீனியுங்கூட.

பரிசோதனைச் சாலைகளில் இதன் பெயர் பெரிது. 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி, காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று பெர்லினில் ராபர்ட் காக் அறிவித்தபோது, அவர் காட்டிய சான்றுகளில் முக்கியமானவை கினிப்பன்றிகளில் செய்த சோதனைகள். அதன்பின் பல காலம், நோயாளிக்கு இருப்பது காசநோய்தானா என்று சந்தேகம் வந்தால், அவருடைய சளியைக் கினிப்பன்றிக்கு ஊசி மூலம் ஏற்றிப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். தொண்டை அடைப்பான் மருந்தின் வீரியத்தை அளந்ததும் இதன் உடம்பிலேதான். நம் குழந்தைகள் கையில் போட்டுக்கொள்ளும் முத்தடுப்பு ஊசிக்குப் பின்னால் இந்தப் பிராணியின் கடன் நிறைய உண்டு.

இதைவிட வியப்பான சங்கதி ஒன்று. பெண் கினிப்பன்றியின் பிரசவத்தை ஆராய்ந்துதான் ஒரு புதிய ஹார்மோனையே கண்டுபிடித்தார்கள். 1926-இல் பிரெடரிக் ஹிசா என்ற அமெரிக்க விஞ்ஞானி, சினைப்பட்ட விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்த நீரைக் கன்னிப் பெட்டைக் கினிப்பன்றிக்குச் செலுத்தினார். அதன் இடுப்பெலும்பின் பிணைப்பு நெகிழ்ந்து கொடுத்தது. இந்த நெகிழ்ச்சியை உண்டாக்கும் பொருளுக்கே பிற்பாடு ரிலாக்சின் என்று பெயர் வந்தது. மனிதப் பெண்களின் உடம்பிலும் அது உண்டு.

இடுப்பெலும்பின் கணக்கு

இடக்கொச்சிப் பெட்டை ஏன் செத்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. எலிக் குட்டி கண் திறக்காமல், மயிர் இல்லாமல், சிவந்த சதைத் துண்டாகப் பிறக்கும். கினிப்பன்றிக் குட்டி அப்படி அல்ல. கண் திறந்து, பல் முளைத்து, மயிர் போர்த்தி, பிறந்த சில மணி நேரத்தில் ஓடித் திரியும். மறுநாளே புல்லைக் கடிக்கும். அவ்வளவு வளர்ச்சிக்கு நாள் வேண்டும் அல்லவா? எலிக்குச் சினைக் காலம் சுமார் 3 வாரம், முயலுக்கு ஒரு மாதம் என்றால், கினிப்பன்றிக்கு 59 முதல் 72 நாள். ஒரு குட்டி 60 முதல் 100 கிராம் வரை கனக்கும். 800 கிராம் எடையுள்ள தாய், 80 கிராம் குட்டிகள் மூன்றைச் சுமந்தால் 240 கிராம் ஆயிற்று. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி பதினைந்து கிலோ பிள்ளையைச் சுமப்பதற்குச் சமம்.

இவ்வளவு பெரிய தலை வெளியே வர வழி வேண்டும். ஆகவே பிரசவம் நெருங்கும் நாட்களில் ரிலாக்சின் வேலை செய்து, இடுப்புக்கூட்டின் முன்பக்கத்தில் இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் இணைப்பை இளக்கி விடுகிறது. எலும்புகள் விலகி, இடையில் ஒரு விரல் பதியும் அளவுக்கு இடைவெளி ஏற்படும். பழக்கமுள்ள வைத்தியர்கள் அங்கே விரலால் தொட்டுப் பார்த்தே இரண்டொரு நாளில் குட்டி போடும் என்று சொல்லி விடுவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இந்த இணைப்பு எப்போதும் இளகத் தயாராக இருப்பதில்லை. பெட்டைக்கு ஆறு, ஏழு மாதம் ஆவதற்குள் முதல் பேறு நடந்திருந்தால் இணைப்பு வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். அதுவரை குட்டி போடாமலே இருந்து விட்டால், அது இறுகிக் கெட்டிப்பட்டு விடக்கூடும் என்று வைத்திய நூல்கள் எச்சரிக்கின்றன. அதற்குப் பிறகு சினை பிடித்தால், குட்டி வெளியே வர வழி இருக்காது. கற்பனைக் குடும்பத்தின் பெட்டைக்கு ஆண் துணை வந்தது பத்தாவது மாதம். சினைப்பட்ட நாளிலேயே அதற்கு ஆபத்து தொடங்கி விட்டது.

சாதாரணமாக இதன் பிரசவம் மிகச் சீக்கிரம் முடியும். சில நிமிடங்களுக்கு ஒன்றாகக் குட்டிகள் வந்து விழும். அரை மணிக்குள் எல்லாம் ஆகி விடும். ஆகவே இருபது நிமிடம் விடாமல் முக்கியும் குட்டி தலை காட்டவில்லை என்றால், அல்லது ரத்தமோ பச்சை நிற நீரோ கசிந்தால், மத்தியானம் வரை காத்திருக்கக் கூடாது. துணி விரித்த அட்டைப் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். எலும்பு விலகியிருந்தால் ஊசி போட்டுப் பிரசவிக்க வைத்துப் பார்ப்பார்கள். விலகாமல் இருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். விலகாத நிலையில் ஊசி போட்டால் கருப்பை கிழிந்து போகும். எனவே இது கடையில் ஊசி மருந்து வாங்கி வீட்டில் செய்து பார்க்கும் காரியம் அல்ல.

வளர்ப்பவருக்கு ஒன்று மட்டும் நினைவில் இருந்தால் போதும். குட்டி வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு மேல், முதல் பேறு ஆறு, ஏழு மாதத்துக்குள் நடந்து முடியும்படி சேர்க்க வேண்டும். அந்தப் பருவம் கடந்து விட்டதா, துணைக்கு இன்னொரு பெட்டையைச் சேர்க்கலாம். ஆண்தான் வேண்டுமென்றால் விதை நீக்கிய ஆணை, அதுவும் ஆபரேஷன் ஆகிச் சில வாரம் கழித்துச் சேர்க்கலாம். கடைக்காரர் "ரெண்டும் பெட்டை" என்று சொல்வதை அப்படியே நம்புவதும் தப்பு. குட்டியில் ஆண் பெண் பார்ப்பது சுலபமல்ல; கடைக்காரரே ஏமாறுவது சகஜம். எல்லாக் குட்டிகளையும் ஒரே கூண்டில் போட்டு வைத்திருந்தால், வாங்கும்போதே பெட்டை சினையாக இருக்கவும் கூடும். ஏனென்றால் பிறந்து நாலைந்து வாரத்திலேயே பெட்டை பருவத்துக்கு வந்து விடுகிறது. வீட்டில் பிறந்த ஆண் குட்டிகளையும் மூன்று வாரம் ஆனதும் தாயிடமிருந்தும் அக்கா தங்கைகளிடமிருந்தும் பிரித்து விட வேண்டும்.

இன்னொரு சங்கதியைப் பலர் அறிவதில்லை. குட்டி போட்ட அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், பெட்டை மறுபடியும் பருவத்துக்கு வந்து விடும். ஆண் அதே கூண்டில் இருந்தால் அன்றே அடுத்த சினை பிடித்து விடும். ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் வயிற்றில் சுமந்து, வருஷம் முழுவதும் ஓயாத பேறுகாலம். இப்படி நாலைந்து ஈற்று போன பெட்டையின் எலும்பும் தோலுமான உடம்பைப் பார்த்தால் கல்லும் கரையும். பிரசவத்துக்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றி விட்டால் இந்தக் கொடுமை இல்லை.

தீபாவளிப் பயணம்

எலும்பு சரியாக இருந்தும், குட்டி போடும் முன்பே செத்துப் போகும் பெட்டைகள் உண்டு. அவற்றைக் கொல்வது சினைக்கால நச்சு நோய். சினையின் கடைசி இரண்டு வாரத்திலோ, குட்டி போட்ட முதல் வாரத்திலோ வரும். கொழுத்த பெட்டைகளைத்தான் அதிகம் பிடிக்கும். முதல் இரண்டு ஈற்றில் அபாயம் கூடுதல்.

இதன் சூட்சுமம் இப்படி. வயிற்றில் குட்டிகள் பெருத்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்க, தாயின் குடலுக்கு இடம் குறைந்து விடுகிறது. அந்த நேரத்தில் ஏதோ ஒரு காரணத்தால் அது ஒரு நாள் தின்னாமல் இருந்து விட்டால், உடம்பு தன் கொழுப்பை உருக்கி எரிக்கத் தொடங்கும். அளவுக்கு மீறி உருகி வரும் கொழுப்பை ஈரல் சமாளிக்க முடியாமல் திணறும். ரத்தத்தில் புளிப்பு நஞ்சு சேரும். பெருத்த கருப்பை ரத்தக் குழாய்களை அழுத்திக் கருவுக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்தாலும் இதே கதிதான். பெட்டை சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும், சில சமயம் மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை வரும். பிறகு வலிப்பு. ஒரே நாளில் கூட முடிந்து விடும். நோய் முற்றிய பிறகு குளுகோஸ் ஏற்றினாலும் பிழைப்பது அரிது.

வெளியூரில் பிழைக்கும் குடும்பங்கள் இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள முக்கியமான காரணம் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறோம். கூண்டை என்ன செய்வது? ரயிலில் தூக்கிப் போகிறார்கள். அல்லது அண்டை வீட்டில் ஒப்படைக்கிறார்கள். அண்டை வீட்டு அம்மாள் நல்லவர்தான். ஆனால் புல்லுக்குப் பதிலாகச் சோறு வைக்கிறார். பழகிய தீனி மாறினால் இந்தப் பிராணி வாய் திறக்காது. இடம் மாறினாலும் அப்படியே. நிறை சினைப் பெட்டைக்கு அந்த ஒரு நாள் பட்டினி போதும். ஆகையால் நிறைமாத நாட்களில் கூண்டை இடம் மாற்றாமல், தீனியை மாற்றாமல் வைத்திருப்பதே மருந்து. தவிர்க்க முடியாமல் விட்டுப் போனால், புல்லையும் தீனியையும் நாலு நாளைக்குக் கட்டி வைத்து, இன்னதைக் கொடு, இன்னதைக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கொழுத்துப் போயிற்றே என்று சினைக் காலத்தில் தீனியைக் குறைக்கவும் கூடாது. கொழுப்பைக் குறைப்பதெல்லாம் சினை பிடிக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

கொச்சியின் வெக்கையும் ஒரு சத்துரு. இந்தப் பிராணி குளிர் மலைக்குச் சொந்தமானது. முப்பது டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். தகரக் கூரைக்கு அடியில் சித்திரை மாதத்து மத்தியானம் சினைப் பெட்டையை வைத்தால், நோய் எதுவும் வராமலே வெப்பம் தாக்கிச் சாகும்.

முடி கொட்டும் விலா

குட்டியே போடாத பெட்டைக்கும் வயசான காலத்தில் பெண் உடம்பின் தொல்லைகள் வருகின்றன. ஒன்றரை வயதுக்கு மேல் சினைப்பையில் நீர்க்கட்டி தோன்றுவது கினிப்பன்றிகளில் மிகச் சாதாரணம். வயது ஏற ஏற அதிகம். இதன் ஆயுளே ஐந்து முதல் ஏழு வருஷம் என்பதால், இரண்டு வயது என்பதே நடு வயசு.

அடையாளம் கண்டுபிடிப்பது கடினமல்ல. இரண்டு விலாப் பக்கத்திலும் ஒரே அளவாக முடி கொட்டி, தோல் தெரியும். சொறிவதில்லை, புண் இல்லை, முடி மட்டும் இல்லை. முலைக்காம்புகள் தடித்துப் போகலாம். வயிறு இரு பக்கமும் உருண்டு, பேரிக்காய் போல் ஆகும். பலர் இதைச் சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். வயிற்றைப் பார்த்துச் சினை என்று நினைத்து மேலும் தீனி போடுகிறார்கள். ஆண் வாடையே படாத பெட்டை எப்படிச் சினையாகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரியும். சில வகைக் கட்டிகள் ஹார்மோன் ஊசிக்கு அடங்கும். ஆனால் அதிகம் காணப்படும் வகை ஊசிக்கு அடங்குவதில்லை. ஊசியால் நீரை உறிஞ்சினால் வயிறு உடனே இளைக்கும். மறுபடியும் நிறைந்து விடும். சினைப்பையையும் கருப்பையையும் சேர்த்து எடுப்பதே நிலையான தீர்வு. கட்டியோடு கூடவே கருப்பையில் சதைக் கட்டியும் இருப்பது உண்டு என்பதால் இரண்டையும் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு மனிதரைப் பட்டினி போடுவது போல இதைப் போடக் கூடாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பிராணி இது. வைத்தியர் சொல்லும் நேரத்துக்கு மட்டும் தீனியை நிறுத்த வேண்டும்.

சுண்ணாம்பு ஓடும் மூத்திரம்

இனி மூத்திரத் தொல்லை. முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கினிப்பன்றியின் மூத்திரம் கலங்கலாகத்தான் இருக்கும். காய்ந்தால் தரையில் வெள்ளையாகப் படியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நாம் தின்னும் சுண்ணாம்புச் சத்தில் தேவையானதை மட்டும் குடல் எடுத்துக்கொள்கிறது. கினிப்பன்றியின் குடலோ தீனியில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உறிஞ்சி விடும். மிச்சத்தை மூத்திரத்தில் தள்ளும். அதனால்தான் அந்தக் கலங்கல். நிறை சினைப் பெட்டையின் மூத்திரம் திடீரென்று தண்ணீர் போல் தெளிந்து விட்டால்தான் பயப்பட வேண்டும். மேலே சொன்ன நச்சு நோயின் புளிப்பு அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து விடுவதன் அறிகுறி அது.

இந்தச் சுண்ணாம்பு அளவுக்கு மிஞ்சி, குடிக்கும் தண்ணீரும் குறைந்தால், மூத்திரப்பையில் மணலாகப் படிந்து கல்லாகத் திரளும். பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கல். வேம்பநாட்டுக் காயலில் வாரிச் சுண்ணாம்புக்குச் சுடுகிறார்களே, அந்தச் சிப்பி ஓடும் இதே பொருள்தான். கல் உள்ள பிராணி மூத்திரம் பெய்யும்போது கீச்சென்று கத்தும். முதுகைக் கூனிக்கொண்டு உட்காரும். துணியில் ரத்தக் கறை படும். மனிதருக்குக் கல் என்றால் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்வது நம் வழக்கம். இதற்கு அந்தச் சாறும் உதவாது, இங்கிலீஷ் மருந்தும் கரைக்காது. எக்ஸ்-ரேயில் கல் வெள்ளையாகத் தெரியும். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். பெட்டைக்கு ஒரு சௌகரியம் உண்டு: அதன் மூத்திரக் குழாய் குட்டை. கல் சிறிதாக இருந்து வாசலருகே வந்து சிக்கியிருந்தால், மயக்க மருந்து கொடுத்து, கிழிக்காமலே வைத்தியர் இடுக்கியால் எடுத்து விடுவதும் உண்டு.

அந்தக் குட்டைக் குழாயே வேறொரு விதத்தில் வினையாகிறது. மலத் துவாரத்துக்கு அருகிலேயே மூத்திர வாசல் இருப்பதால், ஈரத் துணியிலும் அழுக்குப் புல்லிலும் உட்காரும் பெட்டைக்குக் கிருமி சுலபமாக மேலேறி மூத்திரப்பை வீங்கி விடும். இடவப்பாதி மழை தொடங்கி விட்டால் கொச்சியில் துணி எப்போது காய்கிறது? கூண்டுத் துணியை தினமும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ரத்தக் கறை கண்டால் அது மூத்திரப்பையிலிருந்து வந்ததா, கருப்பையிலிருந்து வந்ததா என்று வீட்டில் இருப்பவரால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வாசல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கருப்பையில் கட்டி, சீழ், குறைப் பிரசவம் எதுவும் காரணமாக இருக்கலாம். "மூத்திரக் கடுப்புத்தான்" என்று தள்ளிப் போடுவது தப்பு.

தீனிக்கு வருவோம். புல்தான் பிரதானம். சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் பச்சைப் புல்லோ உலர்ந்த புல்லோ இருக்க வேண்டும். முருங்கைக்கீரை நமக்கு அமிர்தம். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம் என்பதால், இதற்குத் தினமும் போடுவது கல்லுக்கு விதை போடுவது போல. கொத்துமல்லித் தழை, குடமிளகாய், கொய்யா கொஞ்சம் கொடுக்கலாம். இவை வைட்டமின் சி-க்காக. மனிதனைப் போலவே கினிப்பன்றிக்கும் அந்த வைட்டமினைத் தன் உடம்பில் தயாரிக்கும் சக்தி இல்லை. 1907-இல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்ற இருவர், வெறும் தானியம் தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டதுதான் வைட்டமின் சி ஆராய்ச்சிக்கே வழி திறந்தது. சினைப் பெட்டைக்கு மற்றவற்றைவிட அதிகம் வேண்டும். முயல் தீனிப் பாக்கெட்டில் இது சேர்ப்பதில்லை. கினிப்பன்றித் தீனியில் சேர்த்திருந்தாலும், கொச்சியின் ஈரக் காற்றில் திறந்து வைத்த பாக்கெட்டில் அது நாளுக்கு நாள் குறைந்து கொண்டே போகும். தண்ணீர் விஷயத்தில், மேற்குக் கொச்சியின் கஷ்டம் தெரிந்ததே. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் பிராணியும் குறைத்துத்தான் குடிக்கும். நாம் குடிக்கப் பிடித்து வைக்கும் தண்ணீரில் ஒரு கிண்ணம் அதற்கும் உண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை என்ற யமன்

காய்ச்சலோ கடுப்போ என்றால் மருந்துக் கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அதே மாத்திரையைக் கால்வாசி உடைத்துக் கினிப்பன்றிக்குக் கொடுத்தால் அது பிழைக்காது. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகைகள் இதற்கு நஞ்சு. இதன் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் இந்த மருந்தில் மடிந்து, கெட்ட கிருமி பெருகி நச்சைக் கக்கும். சில நாளில் கழிச்சல் கண்டு செத்து விடும்.

விஞ்ஞான சரித்திரத்தில் இதையொட்டி ஒரு விந்தை உண்டு. 1940-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி குழுவினர் பென்சிலினை முதன்முதலாக எட்டுச் சுண்டெலிகளில் சோதித்தார்கள். நான்கிற்கு மருந்து கொடுத்தார்கள், அவை பிழைத்தன. கொடுக்காத நான்கும் விடிவதற்குள் செத்தன. கினிப்பன்றிக்குப் பென்சிலின் ஆகாது என்பது 1943-இல்தான் வெளியாயிற்று. அன்றைக்குச் சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றிகளை எடுத்திருந்தால், இது நச்சு மருந்து என்று ஒதுக்கியிருப்பார்களோ என்னவோ! கினிப்பன்றிக்குப் பொருந்தும் ஆன்டிபயாடிக்குகளும் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பது எடை பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டியது.

எங்கே போவது?

கேரளத்தில் அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்கு மிருகாசுபத்திரி என்று பெயர். பலகையைப் பார்த்தாலே தெரியும். மாடும் ஆடும் கோழியுமே அங்கே அதிகம் வரும். சிறு பிராணிகளைப் பார்க்கும் பழக்கமுள்ள டாக்டர் யார் என்று அங்கேயே விசாரித்தால் வழி சொல்வார்கள். பெரிய ஆபரேஷன் என்றால் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில், 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊருக்குப் போகும் வழியில் சென்னை என்றால் வேப்பேரிக் கல்லூரி.

செலவு என்ற கேள்வி வந்தே தீரும். ஆபரேஷன் செலவு, பிராணியை வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு ஆகும். மாதச் சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிச்சம் என்ன என்பது அவரவருக்குத் தெரியும். ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்கிறவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அப்படி முடிவு செய்தால், கூண்டில் கத்திக்கொண்டு சாகட்டும் என்று விடாமல், வலியில்லாமல் தூங்கச் செய்யும் ஊசிக்காவது வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். குழந்தையிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி விடலாம்.

செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையல் தராசில் பிராணியை நிறுத்து, பால் கணக்கு எழுதும் நோட்டில் ஓர் ஓரத்தில் குறித்து வைப்பது. இந்தப் பிராணி தன் நோயை மறைக்கும் சாதி. காட்டில் நோயைக் காட்டினால் கழுகுக்கு இரை என்பதால் வந்த சுபாவம். கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை சொல்லி விடும். வாரத்துக்கு வாரம் ஐம்பது கிராம் குறைந்தால் காரணம் தேட வேண்டும். ஒரு நாள் முழுவதும் தின்னவில்லை என்றால் தராசுக்குக் காத்திருக்கவும் கூடாது.

வைத்தியரிடம் போகும்போது கூண்டிலிருந்த கறை படிந்த துணியையும், எடை எழுதிய நோட்டையும் எடுத்துப் போவது நல்லது. மலையாளம் தட்டுத் தடுமாறுகிறவர்களுக்கு இரண்டு வாக்கியம் போதும்: "தீற்ற எடுக்குன்னில்ல" என்றால் தீனி எடுக்கவில்லை என்று அர்த்தம், "மூத்ரத்தில் சோர உண்டு" என்றால் மூத்திரத்தில் ரத்தம் இருக்கிறது. சினையா, எத்தனை நாள், ஆணோடு சேர்த்தது எந்தத் தேதி என்று வைத்தியர் அடுத்துக் கேட்பார். அந்தத் தேதியையும் அதே நோட்டில் எழுதி வைத்திருந்தால் உடனே எடுத்துக் காட்டலாம்.